பெர்ஸ் கட்டிய திருடன் முடிச்சு

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு துறைமுகத்துக்குக் கோதுமை மூட்டை ஏற்றி வரும் சின்னப் பாய்மரக் கப்பல் 'ஹன்னா'. அதில் நான் ஒரு மாலுமி; சமையல்காரன் பெர்ஸ் டிரகென்ஸா. அந்தக் கப்பலில் அவன் நம்பியது ஒரே ஒரு ஆளை. சவரம் செய்யும்போது கண்ணாடியில் தெரிகிற ஆளை.

அந்தப் பக்கம் கோடையில் வரும் கிறிஸ்துமஸ் நெருங்கியது. புட்டிங்குக்கு வாங்கிய காய்ந்த திராட்சையைக் கான்வாஸ் பையில் போட்டு, அடுப்படி வாசலில் தொங்கவிட்டான். வாயைத் திருடன் முடிச்சால் கட்டினான். பார்வைக்கு அது நாங்கள் பாய் சுருக்கும்போது போடுகிற முடிச்சேதான். ஆனால் கயிற்றின் நுனிகள் எதிரெதிர்ப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அவிழ்த்துத் தின்கிறவன் பழக்கத்தில் வழக்கமான முடிச்சைப் போட்டுவிடுவான். நுனிகள் ஒரே பக்கம் வந்துவிடும். பழைய மாலுமிகள் இப்படித்தான் ஆளைப் பிடித்தார்களாம். பெயரும் அதனால் வந்ததாம்.

மறுநாள் காலை நுனிகள் ஒரே பக்கம் இருந்தன.

"பாதி திராட்சையக் காணோம்! ஆல்பி, எங்கடா ஒளிச்சு வச்சிருக்க?"

எப்போதும் பசியிலிருக்கும் மாலுமிப் பையன் ஆல்பி வயிற்றைத் தட்டினான். "இங்கயா? நேத்து நீ போட்ட கஞ்சியே இன்னும் கட்டியா கெடக்கு. எடம் ஏது?"

"கேப்டன், அடுத்த துறையில இவன எறக்கி விடுங்க. இவன் இருந்தா நான் இல்ல."

கேப்டன் ஹோஸ்கின் தாடியைச் சொறிந்தார். சமையல்காரன் இல்லாமல் கிறிஸ்துமஸா?

"துணிமணிய எடுத்து வை, தம்பி" என்றார்.

ஆல்பியின் முகம் செத்துப்போனது. அந்தக் கோடையில் வேறெந்தக் கப்பலிலும் வேலை கிடையாது.

பெர்ஸ் மறுபடி திருடன் முடிச்சைப் போட்டு எங்களுக்கு விளக்கினான். காற்றைப் பற்றிப் பேசிக்கொண்டே கேப்டன் அருகில் வந்து நின்றார். பேச்சு நிற்கவில்லை. கை மட்டும் தானாகப் பைக்குப் போனது. முடிச்சை அவிழ்த்தது, ஒழுங்காகக் கட்டியது, இழுத்தும் பார்த்தது.

"கேப்டன்," என்றேன், "உங்க கை."

அவர் குனிந்து பார்த்தார். "தப்பாக் கட்டியிருக்கான்டா. கடல்ல தப்பான முடிச்சப் பாத்துட்டுச் சும்மா போகச் சொல்றியா?"

"அப்ப நேத்தும் நீங்கதானா?" என்றான் பெர்ஸ்.

"நேத்தும் தப்பாத்தான இருந்துச்சு?"

"கொறஞ்ச திராட்சை?"

"புழு இருக்கான்னு வேளைக்கு ஒரு பிடி வாயில போட்டுப் பாக்குறியே," என்றான் ஆல்பி, "அதையும் சேத்துத்தான சொல்ற?"

பெர்ஸ் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினான்.

ஆல்பி இறங்கவில்லை. ஆனால் துறைமுகத்து மதுக்கடை ஒன்று விடாமல் கதையைச் சொன்னான். அடுத்த அறுவடைக்குள் கப்பல்காரர்கள் அந்த முடிச்சையே ஹோஸ்கின் முடிச்சு என்றார்கள். தன் கைத்திறனுக்குக் கிடைத்த மரியாதை என்று கேப்டன் மீசையை முறுக்கினார். பெர்ஸ் மட்டும் கடைசிவரை திருடன் முடிச்சு என்றே சொன்னான், அவரை முறைத்தபடி.