மாமன்னரின் நெற்றி

எங்கள் நாட்டு மாமன்னர் படம் வரைவது லேசுப்பட்ட வேலையில்லை. மற்றவர்கள் முகத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து வரைந்தாலும் காலம் தள்ளிவிடலாம். அவர் முகத்தில் தூரிகை வைக்கவே எனக்குப் பயம். தோள் அகலமாக இருக்க வேண்டும். பல் தெரியக்கூடாது. பார்வை நம் தலைக்கு மேலே எங்கோ போக வேண்டும், அப்போதுதான் பார்க்கிறவர் தன்னைச் சின்னவராக உணர்வார். தலைப்பாகையின் மடிப்பு ஒன்று தப்பினாலும் போச்சு.

ஜாசின் டவுனில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் தன் புது ஆபீசுக்கு இந்தப் படத்தைக் கேட்டார். ஆயுத பூஜையன்று காலை திறப்பு விழா, அரச பட்டம் வாங்கிய டத்தோ ஒருவர் வருகிறார். சாயம் முழுசாகக் காயவில்லை, கண்ணாடியும் போடவில்லை. யாரும் தொட வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் முந்தின நாள் மாட்டிவிட்டு வந்தேன்.

சொல்லி என்ன பிரயோஜனம்? விழாவுக்குப் போனால் பட்டறைக்காரரின் மனைவி கையில் குங்குமச் சிமிழ். லாரிக்கு வைத்திருந்தார், கம்ப்யூட்டருக்கு வைத்திருந்தார். மஞ்சள் உடுப்பில் மிடுக்காக இருந்த மாமன்னரையும் விடவில்லை. நெற்றியில் சந்தனம், நடுவில் குங்குமம்.

"ஐயோ அக்கா! என்னா செஞ்சிட்டீங்க?"

"ராஜா லா, தங்கச்சி. எல்லாத்துக்கும் வச்சிட்டு அவர மட்டும் சும்மா விட்டா நல்லாவா இருக்கும்?"

வந்த ஆத்திரத்தில் பஞ்சை எடுத்துத் துடைத்தேன். பொட்டோடு தோல் நிறமும் சேர்ந்து இழுபட்டது. நெற்றியில் வெட்டுப்பட்டு ரத்தம் வழிகிற கோலம். அரசரை அவமதித்தாள் என்று போலீஸ் பிடித்தால் பொட்டுக் கதையை யார் நம்புவார்கள்?

"டத்தோ கார் பசார்கிட்ட வந்துடுச்சாம், சீக்கிரம் லா!" என்று பட்டறைக்காரர் கத்தினார். நல்லவேளை, சாயப்பெட்டி காரில் இருந்தது. நெற்றியை மூடினேன், கலைந்த புருவத்தைத் திரும்ப வரைந்தேன். ஒரு கண் வாசலிலேயே இருந்தது.

வாசலில் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்த டத்தோ, படத்தைக் கண்டதும் குரலைத் தாழ்த்திச் சட்டையைச் சரிசெய்துகொண்டார். அப்பாடா என்றிருந்தது எனக்கு. அவர் இன்னும் கிட்டே போனார்.

"கெனாப்பா துவாங்கு நம்பாக் தாகுட்?"

மாமன்னர் ஏன் பயந்துபோய்த் தெரிகிறார் என்று கேட்கிறார்! அப்போதுதான் நானும் பார்த்தேன். புருவம் இரண்டும் மேலே ஏறியிருந்தன. என் பயத்தை அப்படியே அவர் முகத்தில் எழுதியிருந்தேன்.

"எடுத்துட்டுப் போங்க, யாரும் போட்டோ புடிக்கிறதுக்குள்ள" என்று டத்தோ மலாயில் மெதுவாகச் சொன்னார். அவருக்கும் பயம்தான்.

போர்வையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கிழிக்கப் பயம், எரிக்க அதைவிடப் பயம். குப்பையில் போடுவதா, நினைக்கவே முடியாது. சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். அதுவும் தப்போ என்று எழுந்துபோய் நேராக வைத்தேன். மாமன்னர் இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறார். யாராவது வந்து மணி அடித்தால், முதலில் அந்த அறையைப் பூட்டிவிட்டுத்தான் வாசலுக்குப் போகிறேன்.