வேப்பம்பூ இல்லாத வருஷப்பிறப்பு

குளிர் மலையில் வேப்பமரம் நிற்காது. கல்யாணமாகி, இலங்கை மலைநாட்டில் கொட்டகலைக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்துக்கு வந்த பிறகுதான் எனக்கு இது தெரிந்தது. நான் பிறந்தது மாத்தளைப் பக்கம். அங்கே எங்கள் கோயில் வாசலில் ஒரு வேம்பு உண்டு. பங்குனிக் கடைசியில் பூத்துக் கொட்டும். அம்மா பழைய வேட்டியை விரித்துப் பூவைச் சேர்த்துக் காயவைப்பாள். வருஷப்பிறப்பு வருகிறது என்று எங்களுக்கு யாரும் காலண்டரைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இங்கே அப்படி ஒரு அடையாளமும் கிடையாது. சித்திரை என்றால் காலையில் பனிமூட்டம், மத்தியானத்துக்கு மேல் இடி, சாயந்திரமானால் கம்பளி. மாங்காய்கூடக் கீழ்நாட்டிலிருந்து ரயிலேறித்தான் வரவேண்டும். எங்கள் முன்னோர்கள் கப்பலேறி வந்தபோது மாரியம்மனையும் தப்பு மேளத்தையும் அண்ணன் தம்பி சண்டையையும் கொண்டுவந்தது போதாதென்று, ஒரு வெயில்காலத்துப் பண்டிகையையும் மூட்டை கட்டிக் கொண்டுவந்துவிட்டார்கள். வெயிலை மட்டும் அங்கேயே விட்டுவிட்டார்கள்.

வேப்பம்பூவும் மாங்காயும் ஒரே சமயத்தில் கிடைக்கிற நாட்டில் பிறந்த பண்டிகை என்பதால்தான் அதற்கு அந்தப் பச்சடி என்று நான் நினைத்துக்கொள்வேன். எங்கள் தோட்டத்துப் பூசாரி இதை ஒப்புக்கொள்ள மாட்டார். சூரியன் மேஷ ராசிக்குள் நுழைகிறான், அந்த நேரத்தில் வருஷம் பிறக்கிறது, பிறக்கிற வருஷத்தை ஆறு சுவையோடும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பார். கீழே ஆற்றோரத்துச் சிங்களக் கிராமத்திலும் அதே நாள்தான் புது வருஷம். அவர்கள் நேரம் பார்த்து அடுப்பு மூட்டிப் பாலைப் பொங்கவிடுவார்கள். நாங்கள் முறுக்குக் கொடுத்தனுப்பினால் அங்கேயிருந்து அவர்கள் பலகாரமான கொக்கிஸ் வரும். யாருடைய சூரியன் முதலில் நுழைந்தான் என்று யாரும் சண்டை பிடித்ததில்லை.

நான் சொல்வது இலங்கைக்குச் சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் கழித்து நடந்தது. தை மாதம் எனக்குக் கல்யாணம். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில் எங்களுக்கு அடுத்தடுத்து இரண்டு காம்பரா, அதாவது இரண்டு அறை. ஒன்றில் மாமனார், மாமியார், நான், என் வீட்டுக்காரர். மற்றதில் அவருடைய அண்ணனும் அண்ணியும். அந்த அண்ணியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்காவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். அதற்கு முன்னால் இரண்டு தடவை மூன்றாம் மாதத்திலேயே தங்காமல் போயிருந்தது. அதனால் இந்தத் தடவை எத்தனை மாதம் என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். கர்ப்பம் என்ற சொல்லையே அவள் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் சுற்றுகிற சாக்குப் படங்கால் வயிற்றை மறைத்துக்கொண்டு, எல்லோருக்கும் தெரிந்ததை யாருக்கும் தெரியாதது போலச் சுமந்துகொண்டிருந்தாள்.

கல்யாணச் சீரோடு அம்மா எனக்கு ஒரு பொட்டலம் காய்ந்த வேப்பம்பூவும் கொடுத்திருந்தாள். அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடு என்று சொல்லித்தான் கொடுத்தாள். நான் கேட்கவில்லை. என் அம்மா வீட்டுச் சாமான் புகையில் கறுத்துப்போவதா என்ற திமிரில், டிரங்குப் பெட்டியில் கூறைப்புடவைக்குள் வைத்தேன். அத்தையோ, அதுதான் என் மாமியார், லயம் முழுக்கச் சொல்லிவிட்டார்கள்.

"நம்ம சின்ன மருமக வேப்பம்பூ கொண்டாந்திருக்கா. இந்த வருஷம் கடைத் தூசியத் திங்க வேண்டியதில்ல."

வருஷப்பிறப்புக்கு முதல் நாள் சாயந்திரம் பொட்டலத்தைப் பிரித்தேன். மூன்று மாத ஈரத்தில் பூ முழுக்கப் பச்சையாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது. கையில் எடுத்தால் நாற்றம்.

அத்தையிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். வெந்தயம் வறுத்துப் போட்டிருக்கலாம், பாகற்காய் போட்டிருக்கலாம். எனக்கு அப்போது பத்தொன்பது வயசு, மூளையைவிட ரோஷம் அதிகம். லயத்துக்குப் பின்னால், தேயிலைக்கு முந்திய காலத்தில் நட்ட ஒரு கொயினா மரம் மிஞ்சி நின்றது. காய்ச்சல் வந்தால் அதன் பட்டையைச் செதுக்கிக் கஷாயம் வைப்பார்கள். அந்தக் கசப்பு நாக்கை விட்டுப் போக அரை நாள் ஆகும். கசப்புத்தானே வேண்டும் என்று ஒரு துண்டு பட்டையை உரித்து வந்து வறுத்து இடித்து வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் கோயிலில் பூசாரி பஞ்சாங்கம் வாசித்தார். மழை எத்தனை பங்கு, காற்று எத்தனை பங்கு, எந்த ராசிக்கு என்ன என்றெல்லாம் சொன்னார். சுதந்திரம் வந்த கையோடு பறித்துக்கொண்ட எங்கள் பிரஜாவுரிமையைப் பற்றி அதில் ஒன்றும் போட்டிருக்கவில்லை. வீட்டுக்கு வந்து சாமிக்குப் படைத்துவிட்டு எல்லோரையும் உட்காரவைத்தோம். மாங்காய், வெல்லம், புளி, உப்பு, மிளகாய், என் கொயினாப் பொடி. பூ எங்கே என்று அத்தை கேட்டார்கள். வறுத்துப் பொடித்துவிட்டேன் என்றேன்.

"மொதல்ல கசப்பத்தான் முழுங்கணும். மிச்சம் வைக்கக் கூடாது. மிச்சம் வச்சா அது வருஷம் பூரா பின்னாலயே வரும்" என்று அத்தை ஒவ்வொரு வருஷமும் சொல்வதைச் சொன்னார்கள். மாமனார் முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினார். என் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அக்கா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தன் காம்பராவுக்குப் போய், சற்று நேரத்தில் காலிக் கிண்ணத்தோடு வந்தாள். என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமை மத்தியானம் வரைக்கும்தான் இருந்தது. தோட்டத்து மருத்துவச்சி அம்மா பலகாரம் சாப்பிட வந்தார்கள். முறுக்கைக் கடித்துக்கொண்டே அடுத்த டிவிஷன் கதையைச் சொன்னார்கள். அங்கே ஒரு பெண் காய்ச்சலுக்குக் கொயினாக் கஷாயம் குடித்தாளாம், நாலாம் மாதம், மறுநாளே எல்லாம் போய்விட்டதாம்.

"புள்ளத்தாச்சிக்குக் கொயினா ஆகாதுன்னு தலபாடா அடிச்சுக்கிறேன். எவ கேக்குறா?"

அக்கா கொண்டுவந்த காலிக் கிண்ணம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. மருத்துவச்சி அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் நடந்துவிடும் என்று ஒரு பயம், சொன்னால் என்னை வீட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று இன்னொரு பயம். எது பெரிய பயம் என்று இப்போது கேட்டால், வெட்கத்தோடு சொல்கிறேன், அந்த மத்தியானம் இரண்டாவதுதான் பெரிதாக இருந்தது. சாயந்திரத்துக்குள் அது மாறிவிட்டது. அக்கா இடுப்பில் கை வைத்தால் செய்கிற வேலையை விட்டுவிட்டு அவளையே பார்த்தேன். அவள் எழுந்து வெளியே போனால் நானும் ஏதாவது சாக்குச் சொல்லிப் பின்னால் போனேன். அவளும் அன்றைக்குச் சரியாகப் பேசவில்லை, சாப்பிடவில்லை, சாமி படத்துக்கு முன்னால் இரண்டு மூன்று தடவை போய் நின்றாள். வலி எடுக்கிறது, சொல்லாமல் மறைக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன். வருஷம் பிறந்த அன்றைக்கு ஒரு பிள்ளையைக் கொன்றுவிட்டேன் என்று அடுப்படியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதேன். புகை என்று அத்தையிடம் சொன்னேன்.

பண்டிகைக்கு ஒரு நாள்தான் லீவு. மறுநாள் விடிந்ததும் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டுக் கூடையைத் தலையில் மாட்டினோம். மழை பிடித்திருந்ததால் கொழுந்து மளமளவென்று வந்திருந்தது. அக்காவுக்குப் பக்கத்து நிரையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். என் கை கொழுந்தைப் பறித்தது, கண் அவள் மேலேயே இருந்தது. பத்து மணி இருக்கும். அக்கா திடீரென்று கையை நிறுத்தினாள். கூடையை இறக்கி வைத்தாள். இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவே மெல்ல உட்கார்ந்தாள்.

செடிகளைப் பிளந்துகொண்டு ஓடினேன். கணுக்காலெல்லாம் கீறல். அவள் காலடியில் விழுந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பூ கெட்டுப்போனது, கொயினாப் பட்டை, மருத்துவச்சி சொன்ன கதை, எல்லாம். "என்னைய என்ன வேணாலும் செய்ங்கக்கா, மொதல்ல மருத்துவச்சியக் கூட்டிட்டு வந்துர்றேன்" என்று எழுந்தேன்.

அவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். முகம் வெளிறியிருந்தது. ஆனால் அவள் கேட்டது நான் எதிர்பார்த்த கேள்வி இல்லை.

"அப்ப அது வேப்பம்பூ இல்லியா?"

"இல்லக்கா."

"சத்தியமா?"

"சத்தியமாக்கா."

அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு அவள் சொன்னதைக் கேட்டு எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கிண்ணத்தை வாயில் வைத்ததுமே குமட்டிக்கொண்டு வந்ததாம். வாந்தி எடுத்தால் வயிறு குலுங்கி ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து, ஒரு சொட்டுக்கூட விழுங்காமல் எல்லாவற்றையும் அடுப்புச் சாம்பலில் கொட்டி மூடிவிட்டாளாம்.

"வருஷத்துக் கசப்ப மிச்சம் வச்சுட்டேன், அது புள்ள மேல வந்து விடியப்போகுதுன்னு நேத்துப் பூரா செத்துச் செத்துப் பொழச்சேன். அத்தகிட்டச் சொல்லவும் முடியல. அது வேப்பம்பூவே இல்லன்னா நான் ஒண்ணும் தப்புப் பண்ணல, இல்லியா?"

"நீங்க தப்புப் பண்ணலக்கா. நீங்க பண்ணதுதான் சரி."

நேற்று மத்தியானத்திலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது. ஈரத் தரையில் அப்படியே சாய்ந்துவிட்டேன். அக்கா சிரித்தாள், நானும் சிரித்தேன். ஒரே வீட்டில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், ஒரு கிண்ணம் பச்சடிக்காக இரண்டு பேரும் தனித்தனியாக நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறோம். சாமிக்கு எங்களைப் பார்த்து அலுத்துப்போயிருக்கும்.

பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"அப்ப ஏன்க்கா வயித்தப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தீங்க?"

அவள் என் கையை எடுத்துப் படங்குக்கு உள்ளே வைத்தாள். என் விரலெல்லாம் தேயிலைப் பால் பட்டுக் கறுத்திருந்தது. என் கைக்கு அவள் சூடும் மூச்சும் தவிர ஒன்றும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. முந்தின இரண்டும் அசையும் வரைக்கும் இருந்ததே இல்லை. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, துடைக்கவும் இல்லை.

மேல் ரோட்டில் நின்று கங்காணி சத்தம் போட்டார்.

"அங்க என்ன ரெண்டு பேரும் உக்காந்து கத பேசுறீங்க?"

நான் பதறி எழுந்தேன். அக்கா எழவில்லை. மலை முழுக்கக் கேட்கும்படி, நிதானமாகச் சொன்னாள்.

"ரெண்டு பேரு இல்லங்க கங்காணி. மூணு பேரு இருக்கோம்."