சவர்க்காரத்தில் சுட்டவர்

இரணைமடுக் குளத்துக்குக் கீழே என் வயலுக்கு அடுத்த வயல்காரர் அவர். மெலிந்த மனிதர், கொட்டிலில் தனியாக இருந்தார். நெல்லில் விழும் கிளிகளை வெருட்ட ஒரு காற்றுத் துவக்கு வைத்திருந்தார். தினமும் அதன் உள்ளே காற்றை அடைக்கும் தோல் வாசருக்குத் தேங்காயெண்ணெய் விட்டு, சவர்க்காரக் கட்டியில் ஐந்து குண்டு சுடுவார். துளைகளில் ஈர்க்கை விட்டு ஆழம் பார்ப்பார். ஒரு துளையின் ஆழம் குறைந்தாலும் துவக்கைத் திரும்பக் கழற்றிப் பூட்டுவார்.

குளிக்கவும் சவர்க்காரம் கிடைக்காத காலம் அது. எனக்கு எரிச்சல் வந்தது.

“வெருட்டத்தானே அண்ணை, எதுக்கு இவ்வளவு கணக்கு?”

“குண்டு ஒரே வேகத்தில போனாத்தான் தம்பி, கிளியில படாமச் சுடலாம்.”

மருதமரத்தில் தொங்கிய தகரத்துக்குச் சுட்டார். அந்தச் சத்தத்தில் கிளிகள் கலைந்தன. அவை திரும்பி வரும்வரை வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நெல் அரிவு வெட்டு முடிந்து கிளிகள் வராத மாதங்களில் அவர் என்ன செய்தார் என்று நான் ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை.