வேகமாகச் சிமிட்டும் மீட்டர்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில் பஸ் பஞ்சர். டிரைவர் ஜாக்கி போடுவதற்குள் சாலையோர மீன் கொட்டகையின் நிழலில் ஒதுங்குகிறேன். உள்ளே மூன்று ஃப்ரீசர் பெட்டிகள் உறுமுகின்றன. சுவரில் மின்சார மீட்டரின் சிவப்பு விளக்கு படபடவென்று சிமிட்டுகிறது. எங்கள் வீட்டில் அது இப்படிச் சிமிட்டினால் ஓடிப்போய் ஏசியை அணைப்பேன்.

கொட்டகைக்காரி செல்வி, கணவர் பிடித்து வந்த வஞ்சிரத்தைத் தரையில் பரப்பி வைத்திருக்கிறார். வியாபாரி ஒருவர் ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டு, விலையே கேட்காமல், வெயில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்தப் பக்கத்தில் பேரம் என்றால் அதுதான். நேரம் போகப் போக மீன் கெட்டுவிடும் என்று பயந்து, விற்பவர்களே விலையை இறக்குவார்கள்.

செல்வி இறக்கவில்லை. மீனையெல்லாம் அள்ளி ஃப்ரீசருக்குள் போட்டு மூடுகிறார்.

"வெயில்ல நிக்காத மாமா. நாளைக்கு வா."

வியாபாரி சட்டென்று நிமிர்கிறார். "இரும்மா, கோச்சிக்காத. இன்னா வெலன்னு நீயே சொல்லு."

செல்வி சொன்ன விலைக்கே மீன் ஸ்கூட்டரில் ஏறுகிறது. வியாபாரி போனதும் செல்வியிடம் கேட்கிறேன்: "மூணு பெட்டி ஓடுதே, கரண்ட் பில்லுக்குப் பயமில்லையா?"

செல்வி மீட்டரை அண்ணாந்து பார்க்கிறார்.

"மொதல்ல பயந்தேங்க்கா. படகு கடலுக்குப் போவாத நாள்ல மீனு இருக்காது, ரெண்டு பொட்டிய நிறுத்திடுவேன். அப்ப இந்த லைட்டு மெதுவா சிமிட்டும். இப்பல்லாம் அதப் பாத்தாத்தான் எனக்குப் பயமா இருக்குது."