நாலரை வண்டி போன பிறகு விழிக்கும் குழந்தை

எழுபதுகளில், கும்மிடிப்பூண்டியில் ஆலைகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தபோது, இரும்புக் கம்பி உருட்டும் மில் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. புதிதாகச் சேர்ந்தவன் என்பதால் நைட் ஷிப்ட்டை என் தலையில் கட்டிவிட்டார்கள். குடியிருந்தது மீஞ்சூரில், ஒற்றை அறை வீடு. சாயங்காலம் நாலரைக்கு வரும் பாசஞ்சரை விட்டால் ஷிப்ட்டுக்குள் போய்ச் சேர வேறு வண்டி கிடையாது. அதில் போய் இறங்கி, மில் வாசலில் இருட்டும்வரை காத்துக் கிடப்பேன்.

என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. நான் செருப்பில் காலை நுழைத்தால் போதும், ஓடிவந்து பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு "நைனா, நைனா" என்று ஊரைக் கூட்டிவிடுவாள். ஒரு நாள் அவளைப் பிய்த்து எடுப்பதற்குள் வண்டி போய்விட்டது. மறுநாள் மேஸ்திரி எல்லார் முன்னாலும் கேட்ட கேள்வியில் என் மானம் போயிற்று. வீட்டுக்கு வந்து மனைவி மேல் எரிந்து விழுந்தேன்.

மனைவி குழந்தையின் தூக்கத்தையே மாற்றிவிட்டாள். அதுவரை குழந்தைக்கு நேரம் காலம் இல்லை, கண் சொக்கிய இடத்தில் தூங்கும். இப்போது காலையில் நான் வந்து படுத்த பிறகு, குழந்தை கண் விழித்ததும் பக்கத்து வீட்டு வாசலுக்குத் தூக்கிப்போய் விளையாட விட்டாள். மத்தியானம் வெந்நீரில் குளிப்பாட்டி, கேழ்வரகுக் கூழ் ஊட்டி, நான் எழுந்திருக்கும் நேரம் பார்த்துப் புடவையில் கட்டிய ஏணையில் போட்டு ஆட்டினாள். நாலரை வண்டி போன பிறகுதான் குழந்தை விழிக்கும்.

சீக்கிரமே பழகிவிட்டது. ராத்திரியும் சிணுங்காமல் தூங்கியது, கன்னம் உப்பியது. "இன்னாமே மந்திரம் போட்ட?" என்று தெருப் பெண்கள் என் மனைவியைக் கேட்டார்கள். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

கிளம்புவதற்கு முன் ஏணைத் துணியை விலக்கிப் பார்ப்பேன். தூக்கத்தில் வாயைச் சப்புவதும், திடீரென்று சிரிப்பதும் எனக்கு அத்துப்படி. ஒரு நாள் ஆசை தாங்காமல், "கொஞ்சம் எழுப்பேன்மே, ரெண்டு வார்த்த பேசிட்டு போறேன்" என்றேன்.

"எழுப்புனா உன் கால புடிச்சிக்கினு ஒப்பாரி வெக்கும். அப்பால வண்டிய உட்டுட்டு வந்து என்கிட்டதான் குதிப்ப" என்றாள் மனைவி. நியாயம்தான். போய்விட்டேன்.

வார லீவிலும் பாதி நாளைத் தூங்கித் தீர்த்தேன். மீதி மண்ணெண்ணெய் வரிசையில் போயிற்று. வெயில் போய், மழையும் போய், பனிக்காலத்தில் ஒருவழியாக என்னைப் பகல் ஷிப்ட்டுக்கு மாற்றினார்கள். இடையில் ஒரு நாள் லீவு. முந்தின ராத்திரியே நன்றாகத் தூங்கியிருந்தேன். அன்று பகல் முழுக்க மகளோடு என்று மனசுக்குள் கொண்டாட்டம்.

காலையில் பிஸ்கெட்டை நீட்டினேன். குழந்தை அம்மாவின் புடவைக்குள் ஒளிந்துகொண்டது. "நைனாடா" என்றேன். எட்டிப் பார்த்ததோடு சரி. பழகிக்கொள்ளும், அவசரப்படாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மத்தியானம் நானே ஏணையில் போட்டு ஆட்டலாம் என்று தூக்கினேன். அப்படி ஒரு அலறல். மனைவி வாங்கி ஏணையில் போட்டாள். குழந்தை எழுந்து உட்கார்ந்து, துணியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தது. படுக்க வைத்தாலும் எழுந்துகொண்டது. கண் சிவந்துவிட்டது, ஆனால் மூட மறுத்தது.

மனைவி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "கோச்சுக்காத. நீ கொஞ்ச நேரம் வெளிய இரு. புது ஆளு இருந்தா அது தூங்காது."

வெளியே வந்து சுவரோரம் நின்றேன். யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அழுகை வந்தது. தெருவில் ஆள் நடமாட்டம் இருந்ததால் அடக்கிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. "தூங்கிடுச்சி, வா" என்றாள் மனைவி.

உள்ளே போய் ஏணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எத்தனை நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம், யாரும் அலறப்போவதில்லை. ஆனால் விழிக்கும் நேரம் நெருங்க நெருங்க எனக்குப் பயம் வந்துவிட்டது. குழந்தை புரண்டதும், மெதுவாக எழுந்து மறுபடி வெளியே போய் நின்றுகொண்டேன்.