பாங்கு சொல்லட்டும்

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருஷங்களில் ஒன்று. தீபாவளி சீசன். பட்டாசுக் கம்பெனியின் வெடிமருந்து அறையில் தீப்பிடித்து, என் வீட்டுக்காரரை மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிழைத்தால் தீச்சட்டி எடுப்பதாக மாமியார் அம்மனுக்கு நேர்ந்துகொண்டார். என்னையும் நேரச் சொன்னார். வெந்து கிடக்கிறவருக்காக நெருப்பைச் சுமக்க என்னால் ஆகாது என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டேன். ரம்ஜான் மாதம் அன்றுதான் பிறந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே பள்ளிவாசல். அவர் பிழைக்கட்டும், முப்பது நாளும் நோன்பு பிடிக்கிறேன் என்று அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டேன்.

நோன்பைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். சின்ன வயதில், நான் பிறந்த சாத்தூரில், பள்ளிவாசலில் தூக்குவாளியோடு வரிசையில் நின்று நோன்புக் கஞ்சி வாங்கியிருக்கிறேன். தொழுகைக்குக் கூப்பிடுகிற பாங்கு சொன்ன பிறகுதான் குடிக்கணும் என்று சொல்லித்தான் ஊற்றுவார்கள். பாங்கு சொன்னால் சாப்பிடலாம், அவ்வளவுதான் என் ஞானம். அதனால் விடியற்காலைப் பாங்கு கேட்டதும் வாசல் கடையில் நாலு இட்லி வாங்கித் தின்பேன். அப்புறம் சாயங்காலப் பாங்கு வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது.

பசிக்கவில்லை. வார்டுக்குள் ஒரு நாளைக்கு ஒருமுறைதான் விடுவார்கள். துணி சுற்றிய உடம்பில் கண் மட்டும்தான் என் வீட்டுக்காரர். பார்த்துவிட்டு வந்து வராந்தாவில் உட்கார்ந்துகொள்வேன். அழுகை வரவில்லை, பயம்கூட மரத்துவிட்டது. நாளைக்கும் நோன்பு இருக்கிறது என்பது ஒன்றுதான் மனதில் இருக்கும்.

பதினோராம் நாள் காலையில், பக்கத்து வார்டில் மகனுக்குத் துணையிருந்த பாயம்மா நான் இட்லி தின்பதைப் பார்த்துவிட்டார். சிவகாசியில் பேப்பர் கடை வைத்திருக்கிற வீட்டுக்காரம்மா.

"நோம்பு வச்சிருக்கேன்னீக?"

"ஆமா பாயம்மா. அதான் பாங்கு சொல்லிட்டாகல்ல."

அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பாங்குக்கு முன்னாடியே சாப்பிட்டு முடிச்சிரணும் தாயி. சொன்னப்புறம் வாயில எதுவும் வைக்கக் கூடாது."

"அப்ப இத்தன நாளும்?"

"தெரியாமச் செஞ்சதுதான, அல்லா பாத்துக்கிருவான். நாளைக்கு நான் எழுப்புறேன்."

மறுநாள் இருட்டோடு எழுப்பி, தன் தூக்குச்சட்டியிலிருந்து சோறும் பருப்பும் போட்டார். பாங்குக்கு முன்பே வாய் கொப்பளித்தாயிற்று. ஏழு மணிக்கு நர்ஸ் வந்து என்னைக் கூப்பிட்டார். என் வீட்டுக்காரர் போய்விட்டார்.

போஸ்ட்மார்ட்டம் முடிந்து ஊர் வந்து சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. வழியெல்லாம் தண்ணீர் நீட்டினார்கள், வாங்கவில்லை. மாமியார் அந்த அழுகையிலும் சொம்போடு வந்தார்.

"ஒரு மடக்குக் குடி தாயி. நீயும் போயிராத."

"பாங்கு சொல்லட்டும் அத்தே" என்றேன்.

கூடியிருந்தவர்கள் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தார்கள். அப்படியெல்லாம் இல்லை. நான் முறையாகப் பிடித்தது அந்த ஒரு நோன்புதான். அதையாவது தப்பில்லாமல் முடிக்க வேண்டும் என்று இருந்தது. மற்ற நாளெல்லாம் நான் கெடுத்ததால்தான் அவர் போனாரா என்று இன்றுவரை யாரிடமும் கேட்டதில்லை.

இருட்டித் தெருவிளக்கும் போட்டாயிற்று. சொம்பை மடியில் வைத்துக்கொண்டு, காது கொடுத்து உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊரில் பள்ளிவாசல் கிடையாது.