எங்கள் தம்ளரில் மிராசுதார் குடித்த தண்ணீர்

பழைய கண்ணாடித் தம்ளர் எங்கே கண்ணில் பட்டாலும் நான் முதலில் அதைக் கவிழ்த்து அடியைப் பார்ப்பேன். என் பெண் தலையில் அடித்துக்கொள்வாள். அடித்துக்கொள்ளட்டும். எங்கள் வீடு போனது அப்படி ஒரு தம்ளரால்தான்.

குடவாசல் பக்கத்தில் ஒரு மிராசுதாரின் களத்துமேட்டோரம் எங்கள் குடிசை. சின்ன வயதிலிருந்தே அப்பா அவர் வீட்டுப் பண்ணையாள். கூடுதல் கூலி கேட்டுச் சிவப்புக் கொடி பிடித்தார், வேலை போயிற்று, கொஞ்ச நாளில் அவர் உயிரும் போயிற்று. ஆட்சி மாறி, குடியிருப்பவருக்கே மனை சொந்தம் என்று சட்டம் வந்திருந்த நேரம். மிராசுதார் ஒரே போடாகப் போட்டார்: "இவங்க நேத்து வந்த கூலிங்க. சட்டம் வந்தப்புறம்தான் குடிசை போட்டாங்க." எங்களுக்குச் சாட்சி சொல்ல ஒரு ஆள் வரவில்லை. சேரியில் எல்லோருக்கும் அவர் வயலில்தான் கஞ்சி. அவர்களைச் சொல்லி என்ன ஆகப்போகிறது!

நாங்கள் அங்கே பழைய ஆட்கள் என்று காட்ட எங்களிடம் இருந்தது ஒரே ஒரு தம்ளர். அப்பா வேலைக்குச் சேர்ந்தபோது மிராசுதார் வீட்டில் அவருக்கென்று ஒதுக்கியது. மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகியிருக்கும். அந்த வீட்டில் வேறு யாரும் அதைத் தொடமாட்டார்கள். அப்பாவே எடுத்துக் கழுவி நீட்ட, உயரத்திலிருந்து காப்பியை ஊற்றுவார்கள். கொடி பிடித்த அன்று, "ஒன் கிளாஸையும் எடுத்துக்கிட்டுப் போடா" என்று விரட்டினார்கள்.

அம்மாவும் நானும் அதைக் கூத்தாநல்லூரில் ஒரு பாத்திரக்கடை பாயிடம் கொண்டுபோனோம். அவர் வெயிலில் பிடித்துப் பார்த்தார். பக்கவாட்டில் என்னைத் தடவச் சொன்னார். மேலிருந்து கீழே நூல் கனத்துக்கு ஒரு மேடு.

"அச்சுல ஊத்தி அழுத்தின சரக்கும்மா. அச்சு சேர்ற எடம் இது. இப்ப வர்றது இவ்வளவு தடிப்பா இருக்காது. உள்ளே கொப்புளம் பாருங்க."

அடியில் தேய்ந்துபோயிருந்த இங்கிலீஷ் எழுத்தைக் கண்ணைச் சுருக்கிப் படித்தார். "ஜப்பான். பெரிய சண்டைக்கு முந்தி நாகப்பட்டினத்துல கப்பல்ல எறங்கினது. இப்ப எந்தக் கடையில தேடினாலும் புதுசா கிடைக்காது."

அம்மா கடை வாசலிலேயே அழுதுவிட்டாள். எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

விசாரணைக்கு அதிகாரி களத்துமேட்டுக்கே வந்தார். பாய் சொன்னதை அப்படியே சொன்னேன். அவரும் கவிழ்த்துப் பார்த்தார். "பழசுதாம்மா, ஒத்துக்கறேன். ஆனா இவங்க வீட்டுல ஒங்களுக்குன்னு வச்சிருந்த கிளாஸுன்னு எப்படி நம்பறது?"

மிராசுதார் சிரித்தார். "எங்க வீட்டுல ஏதுங்க தனி கிளாஸு? எங்கயாவது பழைய சாமான் கடையில வாங்கியிருப்பாங்க."

அம்மாவுக்கு வெறியே வந்துவிட்டது. ஓடிப்போய் வாய்க்காலில் தம்ளர் நிறையத் தண்ணீர் மொண்டு வந்து அவர் முன்னால் நீட்டினாள்.

"ஆண்டே, ஒங்க வீட்டுல எங்களுக்குத் தனி கிளாஸு இல்லேன்னா இதுல குடிங்க பாப்போம். அண்ணாந்து வேணாம். வாய வச்சுக் குடிங்க!"

ஐயோ, எவ்வளவு நம்பிக்கை அவளுக்கு! எனக்கும்தான். கூலி நெல்லைக்கூடக் கை படாமல் முந்தானையில் உயரத்திலிருந்து கொட்டுகிற வீடு அது. செத்தாலும் குடிக்கமாட்டார் என்று நான் சத்தியமே செய்திருப்பேன்.

மிராசுதார் தம்ளரை வாங்கினார். அதிகாரியைப் பார்த்தார், எங்கள் குடிசையைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு, வாய் வைத்து, மடக்மடக்கென்று முழுவதையும் குடித்தார். துண்டால் உதட்டைத் துடைத்துக்கொண்டு, "போதுங்களா?" என்று அதிகாரியைக் கேட்டார். அதிகாரி எழுதி முடித்து ஜீப்பில் ஏறினார்.

அறுவடைக்கு முன்பே குடிசையைப் பிரிக்கச் சொல்லி ஆள் வந்தது. கூரைக் கீற்றை உருவி உருவிப் போட்டபடி அம்மா திரும்பத் திரும்ப இதையே சொல்லிக்கொண்டிருந்தாள்:

"ஒங்கப்பன் உசுரோட இருந்தவரைக்கும் ஆண்டை இந்தக் கிளாஸை ஒரு வெரலாலகூடத் தொட்டதில்லையே. நம்மள வெரட்டணும்னா மட்டும் வாய வச்சுக் குடிச்சிட்டாரேடி!"